லாங்கு பஜார் சந்தில் ஒரு பைண்டிங் கடை

பெயர்ப் பலகை கிடையாது. வேலூர் லாங்கு பஜாருக்குள் போய், மண்டிகளைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பினால் ஷட்டர் பாதி இறங்கியபடியே ஒரு கடை இருக்கும். குனிந்து பார்த்தால் ஒரு கட்டிங் மெஷின், சக்கரம் வைத்த இரும்பு பிரஸ், சுவரோரம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கணக்கு லெட்ஜர்கள். நடுவில் சாக்கு விரிப்பில் பாய் உட்கார்ந்திருப்பார். நாலு வருடமாக என் புத்தகங்கள் இவரிடம்தான் போகின்றன. இதுவரை 17 ஆகிவிட்டது. கடைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் நாலு தருவேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் பின்னால் வருகிறது.

எனக்குப் படிக்க வாய்த்த இடம் டவுன் பஸ். பாகாயத்தில் வீடு, காட்பாடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. போய்ச் சேர முக்கால் மணி நேரம். போக 15 பக்கம், வர 15 பக்கம். சி.எம்.சி. முன்னால் வண்டி மாட்டிக்கொண்டால் நாலு பக்கம் கூடுதல். பஸ்ஸில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள், நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். வருடத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்தால் 6,600 பக்கம், ஏறக்குறைய 30 புத்தகம். 2009-லிருந்து படித்து முடித்ததையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறேன். அதில் 30-ஐத் தொட்டது நாலே வருடங்களில்தான். போன வருடம் 26. 2021 மே மாதத்தில் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனதிலிருந்து, நடத்துநர் கிழித்துத் தரும் அந்தச் சீட்டைத்தான் பக்கத்துக்கு அடையாளமாக வைக்கிறேன். என் வீட்டில் எந்தப் புத்தகத்தை உதறினாலும் ஒரு சீட்டு விழும். அதே வருடம் நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது மட்டும் பாலத்தின் மேல் புத்தகத்தை மூடிவிட்டேன். மற்ற நாளில் அங்கே பார்க்க மணலைத் தவிர என்ன இருக்கிறது?

உட்கார இடம் கிடைக்காத நாள்தான் அதிகம். இடது கை கம்பியில், வலது கையில் புத்தகம். கட்டைவிரல் ஒரு பக்கத்தில், சுண்டுவிரல் மறு பக்கத்தில், மற்ற மூன்று விரலும் முதுகுக்கு அடியில். இந்தப் பிடிக்கு ஒரு புத்தகம் விரிந்து கொடுத்தால் நல்ல பைண்டிங். விரியவில்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு உதவாது.

இப்போது வரும் புத்தகங்களில் முக்கால்வாசி தையல் இல்லாதவை. தாள்களை வெட்டி முதுகில் சூட்டுப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். விரித்தால் விறைத்துக்கொள்ளும், அழுத்தினால் பிளக்கும். அதிலும் நம் ஊர் வெயில்! அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பசை எத்தனை நாள் தாங்கும்? சென்னைப் புத்தகக் காட்சியில் ஜனவரியில் வாங்கிய 500 பக்க நாவல் ஒன்று, மே மாதம் ஓடும் பஸ்ஸில் உதிர்ந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு நிறுத்தத்தில் மூன்று தாள் ஜன்னல் வழியே பறந்துவிட்டன. ஒரு கல்லூரிப் பையன் ஓடிப் போய் இரண்டைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாவது கிடைக்கவில்லை. அந்தக் கதாநாயகி எதற்காக வீட்டை விட்டுப் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த உதிரிகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டுதான் முதன்முதலாகப் பாயிடம் போனேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

“இது வெச்சிக்கிறதுக்காம்மா, படிக்கிறதுக்கா?”

இதற்கு முன்னால் இரண்டு கடைகளில் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, மேலிருந்து கீழே ஒரே தையலாக இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். உறுதியாகத்தான் இருக்கும், இழுத்தாலும் வராது. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், பிளந்து பிளந்து பார்க்க வேண்டும். பாய் செய்வது வேறு. தாள்களை எட்டெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் ஓரத்தில் சுற்றித் தைத்து, பிறகு கட்டுகளை ஒன்றோடொன்று கோக்கிறார். முதுகில் சல்லடைத் துணி ஒட்டி, பிரஸ்ஸில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள்தான் அட்டை. வேலை மூன்று பங்கு. கைக்கு வந்த புத்தகம் மேசையில் வைத்தால் சப்பாத்தி மாதிரி படுக்கிறது.

பசை அவரே காய்ச்சுகிறார். ஒரு மாலை அதைப் பார்க்கக் கிடைத்தது. ஈயச் சட்டியில் மைதாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, சின்ன அடுப்பில் விடாமல் கிண்டிக்கொண்டே இருந்தார். கஞ்சி பதம் வந்து குமிழ் விடும்போது, பொட்டலத்திலிருந்து மயில்துத்தத்தைக் கிள்ளிப் போட்டார். வெள்ளைப் பசையில் நீலம் ஓடி, கிண்டக் கிண்ட வானக் கலருக்கு வந்தது. மைதா என்றால் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. துத்தம் விழுந்தால் கிட்டே வராது. “கை கழுவாம சாப்பிட்ராதம்மா” என்று, பசையைத் தொடாத எனக்கும் ஒரு எச்சரிக்கை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஏழு கட்டுகள் இருந்தன. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்து, வரிசைப்படுத்தி, சணல் போட்டுக் கட்டி வைத்தவை. அம்மா வாலாஜாக்காரி. பக்கத்து வேலம் மு.வ.வின் சொந்த ஊர் என்பதில் அவளுக்கு ஏதோ சொந்தத் தாய்மாமன் மாதிரி ஒரு பெருமை. ஒவ்வொரு தாளின் தலையிலும் பென்சிலில் தேதி போட்டிருக்கிறாள். முதல் கட்டின் முதல் தாளில் 12-3-78. மேல் தாளில் பெயரும் ‘வாலாஜாபேட்டை, வட ஆற்காடு மாவட்டம்’ என்ற விலாசமும். 1989-இல் மாவட்டம் இரண்டாகி, 2019-இல் மிச்சம் மூன்றாகி, வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் தாளை உள்ளட்டையில் ஒட்டித் தரச் சொன்னேன், அழகாக ஒட்டியிருக்கிறார்.

கிழித்த தொடர்கதை படிப்பதில் ஒரு சுகம் உண்டு, புதுப் புத்தகத்தில் அது கிடைக்காது. கதைப் பக்கத்தின் மறுபுறம் என்ன இருந்ததோ அதுவும் கூடவே வந்துவிடும். பாதித் துணுக்கு, தாளிக்கும் இடத்தில் நின்றுபோன சமையல் குறிப்பு, துலாம் முதல் மீனம் வரை ராசிபலன். கதையில் கல்யாணம் நிற்கப் போகிறது, பக்கத்தைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம். இதை நோட்டில் ஒரு புத்தகமாக எழுதிக்கொள்ளலாமா என்று எனக்குள் பெரிய வழக்கே நடந்தது. அட்டை போட்டு முதுகில் பெயர் பொறித்துவிட்டால் எழுதலாம் என்று தீர்ப்பு. ஏழையும் படித்து முடிப்பதுதான் இப்போதைய இலக்கு, 30 கணக்கெல்லாம் அப்புறம்.

பத்திரிகைத் தாள் மட்டமான தாள். பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். பாய் ஓரங்களில் மெல்லிய தாள் பட்டை ஒட்டிப் பலப்படுத்திய பிறகுதான் ஊசியே எடுத்தார். முதல் கட்டைப் பிரித்து அடுக்கும்போது அவர்தான் கண்டுபிடித்தார், 21, 22, 23-ஆம் வாரங்கள் இல்லை. தேதியைக் கூட்டிப் பார்த்தேன். ஜூலை 30-லிருந்து ஆகஸ்ட் 13 வரை. நான் பிறந்தது அந்த ஆகஸ்டின் முதல் வாரம். பிரசவத்துக்குப் போனவளுக்கு யார் பத்திரிகை வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? அப்பாவுக்குக் கதை என்றாலே ஆகாது.

இந்த இடத்தில் பாய் செய்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். மூன்று வாரத்துக்கு ஆறு தாள் வரும் என்று கணக்குப் போட்டு, 20-க்கும் 24-க்கும் நடுவே விரல் அகலத்தில் ஆறு வெற்றுப் பட்டைகளை வைத்துத் தைத்துவிட்டார். “கிடைச்சா எடுத்தாம்மா, இதுமேல ஒட்டிக்கலாம். இல்லாங்காட்டி முதுகு புடைச்சிக்கும்” என்றார். நான் கேட்கவே இல்லை. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1994-இல் தொடங்கியது, பழைய தமிழ் இதழ்களுக்குப் பேர் போன இடம். காலாண்டு விடுமுறையில் காட்பாடியில் ரயிலேறி அங்கே போய்த் தேட வேண்டும். கிடைத்தால் நகல் எடுத்து வந்து அந்த ஆறு பட்டைகளையும் நிரப்ப வேண்டும்.

சரி, குறைக்கு வருகிறேன். இரண்டாம் கட்டை எடுக்கப் போனபோது மூன்று ஓரமும் மொழுமொழுவென்று வெட்டியிருந்தது. பார்க்க ஜோர். திறந்தால் பக்கங்களின் தலையில் அம்மா போட்ட தேதிகள் பாதி பாதியாக நின்றன. எண்களின் கால்கள் மட்டும் இருக்கின்றன, தலைகள் மெஷினுக்கு அடியில் குப்பையோடு போய்விட்டன. கடையில் நின்றே கத்திவிட்டேன். “நீ சொல்லலியேம்மா” என்றார். முதல் கட்டுக்குச் சொன்னேன், இரண்டாவதுக்குச் சொல்லவில்லை, உண்மைதான். இருந்தாலும் தெரிந்தவருக்கு ஒரு தடவை சொன்னால் போதாதா? வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அந்தப் பாதி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மதிப்பெண் அங்கேதான் போயிற்று.

அதனால் போகிறவர்கள் கவனிக்க: ‘ஓரம் வெட்டக் கூடாது’ என்று பெரிதாக ஒரு சீட்டில் எழுதி நூலோடு கட்டிக் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது. பக்க எண் இல்லாத தாள்களுக்கு நீங்களே பென்சிலில் எண் போடுங்கள், அடுக்குவது அவருடைய அண்ணன் மகன், அவன் கண் போனில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் போகவே வேண்டாம், மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் கூரையைத் தொடும், கதைப் புத்தகம் அடியில் போய்விடும். வெள்ளிக்கிழமை மதியம் கடை கிடையாது. 200 பக்கப் புத்தகத்துக்குத் தையலும் காலிகோ துணி அட்டையும் சேர்த்து 180 ரூபாய் வாங்கினார், அம்மாவின் கட்டுக்கு 350. முதுகில் தங்க எழுத்து வேண்டுமென்றால் தனி. அதில் ‘ள’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிகின்றன, நான் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் சொல்லும் தேதியை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கட்டு அவரிடம் இரண்டு மாதமாக இருக்கிறது. போன சனிக்கிழமை எட்டிப் பார்த்தேன். பிரஸ்ஸில் இருந்தது, மேலே என் சீட்டு நூலோடு அப்படியே கட்டியிருந்தது. ஓரம் வெட்டவில்லை.