வீட்டு டாஷ்போர்டு: ஹோம் அசிஸ்டன்டா, ஓப்பன்ஹேபா, நோட்-ரெட்டா?

மொட்டமாடி டேங்க் நிரம்பி தண்ணி சன்ஷேடு வழியா கொட்டிக்கிட்டு இருக்கு, நான் ஆபீஸ்ல உக்காந்து போன்ல ஆப்பை பாக்குறேன், "மோட்டார் ஆஃப்"னு தெளிவா காட்டுது. வீட்ல நெட் போயி அரை மணி நேரம் ஆச்சு, ஆப்புக்கு கடைசியா கெடைச்ச தகவலையே இப்போ நடக்குறது மாதிரி காட்டிக்கிட்டு இருந்திருக்கு. அம்மாதான் பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டு சொன்னப்புறம் ஓடிப்போய் படிக்கட்டுக்கு கீழ இருக்கிற ஸ்டார்ட்டர்ல சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்துனாங்க. எந்த கம்பெனி ஆப்னு சொல்லப் போறதில்ல, நம்ம சுவிட்ச் பத்தடி தூரத்துல இருந்தாலும் உத்தரவு எங்கயோ இருக்கிற சர்வருக்குப் போயிட்டுத்தான் திரும்பி வரணும்ங்கிற எந்த ஏற்பாட்டுலயும் இது நடக்கும்.

அன்னிக்கு முடிவு பண்ணேன், வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர், பிரவுசர்ல தெறக்குற டாஷ்போர்டு (வீட்டு சாமான் எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டி இயக்கவிடுற பக்கம்), நெட் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடணும். இதுக்கு ஹோம் அசிஸ்டன்ட், ஓப்பன்ஹேப், நோட்-ரெட்னு மூணு சாஃப்ட்வேர் இருக்கு, ஒன்றரை வருசத்துல மூணையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தாச்சு. சாமான் எல்லாம் ஒண்ணேதான்: டேங்க் மூடியில அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி தண்ணி மட்டத்தை அளக்குறது), மோட்டாருக்கு ரிலே (கரண்ட்டைப் போட்டு நிறுத்துற மின் சுவிட்ச்), கீசர், மெயின் லைன்ல கரண்ட் கிளாம்ப் (எவ்ளோ கரண்ட் போகுதுன்னு அளக்குறது), நாலஞ்சு லைட். எல்லாமே எம்க்யூடிடில (சாமான்கள் சின்னச் சின்ன செய்தி அனுப்பிக்கிற முறை) பேசுது, மூணு சாஃப்ட்வேருக்கும் அது தெரியும், அதனால ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறப்ப ஒயரைத் தொடவே வேண்டியிருக்கல. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றதே இதுதான், டாஷ்போர்டை அப்புறமா தேர்ந்தெடுங்க, சாமானை லோக்கலா பேசுறதா பாத்து வாங்குங்க.

ஹோம் அசிஸ்டன்ட் 2013ல பௌலஸ் ஸ்கௌட்சன் ஆரம்பிச்சது, பைத்தான்ல எழுதுனது, பிரவுசர்ல 8123 போர்ட்ல தெறக்கும். முன்னாடியெல்லாம் யாமல் ஃபைல்ல (அமைப்பை எழுத்தா எழுதி வைக்கிற ஃபைல்) ஒரு ஸ்பேஸ் தப்பிப்போனா பொழுது போயிடும், இப்போ பெரும்பாலானதை ஸ்க்ரீன்லயே பண்ணிடலாம், 2024ல வந்த செக்‌ஷன்ஸ் லேஅவுட்ல கார்டை (ஸ்க்ரீன்ல ஒவ்வொரு சாமானுக்கும் இருக்கிற கட்டம்) இழுத்து எங்க வேணா வைக்கலாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விசயம் என்னன்னா, சென்சார் செத்துட்டா கார்டு சாம்பல் கலராயி "கிடைக்கல"ன்னு ஒத்துக்கும். இதுக்கு நான் தனியா எதுவும் பண்ணல, எம்க்யூடிடில ஒவ்வொரு டிவைஸும் தொடர்பு அறுந்தா அனுப்பச் சொல்லி முன்கூட்டியே ஒரு கடைசி செய்தியை புரோக்கர்கிட்ட (செய்திகளை வாங்கி அனுப்புற நடு சர்வர்) குடுத்து வச்சிருக்கும், அதை ஹோம் அசிஸ்டன்ட் தானாவே படிச்சுக்குது. டேங்க் கதைக்குப் பிறகு எனக்கு இதுதான் முதல் பரீட்சை, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்.

ரெண்டாவது கரண்ட் பில். 2021ல வந்த எனர்ஜி பக்கத்துல மணிக்கணக்கா எவ்ளோ யூனிட் போச்சுன்னு பட்டை பட்டையா காட்டும், சாயங்காலம் கீசர் போட்ட பட்டை மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும், பாத்ததும் வீட்ல எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. ஆனா நம்ம ஈபி பில் ரெண்டு மாசக் கணக்கு, ஸ்லாப் ரேட்டு வேற, 500 யூனிட்டைத் தாண்டிட்டா கீழ் ஸ்லாப்புக்கும் ரேட் ஏறிடும். எனர்ஜி பக்கத்துல யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஒரே ரேட் குடுத்தா ரூபாய் கணக்கு தப்பாத்தான் வரும். அதுக்கு யூட்டிலிட்டி மீட்டர்னு ஒரு ஹெல்பர் இருக்கு, அதுல ரெண்டு மாச சுழற்சியே இருக்கு! ஒண்ணு கவனிக்கணும், அது ஜனவரி, மார்ச், மேன்னு ஒத்தப்படை மாசம் முதல் தேதியில பூஜ்யமாகும், உங்க வீட்டு ரீடிங் பிப்ரவரி, ஏப்ரல்னு வந்தா கிரான் முறையில (எப்போ நடக்கணும்னு தேதி, நேரத்தை எழுதிக் குடுக்குற முறை) நீங்களே தேதியைக் குடுத்துக்கணும். இப்போ சுவத்துல "இந்த பில்லுல இதுவரைக்கும் 412 யூனிட்"னு பெருசா ஒரு எண் தெரியுது, அப்பா தெனமும் காலையில காபியோட அதைத்தான் முதல்ல பாக்குறாரு.

குறைன்னா, மாசாமாசம் புது வெர்ஷன் வரும், ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஒண்ணு மாறியிருக்கும், குறிப்பைப் படிக்காம அப்டேட் குடுத்தா ராத்திரி உக்காந்து சரி பண்ணணும். அப்புறம் எல்லா மாற்றத்தையும் டேட்டாபேஸ்ல எழுதிக்கிட்டே இருக்கும், ராஸ்பெர்ரி பைல (கையளவு குட்டி கம்ப்யூட்டர்) எஸ்டி கார்டு போட்டு ஓட்டுனா கார்டு சீக்கிரம் போயிடும், எனக்குப் போச்சு, பேக்கப் இல்லாம ரெண்டு நாள் திரும்ப உக்காந்து அமைச்சேன். சின்னதா ஒரு எஸ்எஸ்டி போட்டுடுங்க.

ஓப்பன்ஹேப் இதைவிட மூத்தது, 2010ல காய் க்ராய்ட்சர் ஆரம்பிச்சது, ஜாவா. இதை நிறைய பேர் பழசுன்னு ஒதுக்குறாங்க, அது நியாயமில்ல. வருசத்துக்கு ரெண்டு பெரிய வெளியீடுதான், வச்சா வச்ச இடத்துல இருக்கும். வீட்டை மாடி, அறை, சாமான்னு ஒரு மாடலா எழுதிட்டா முகப்புப் பக்கத்தை அதுவே அறைவாரியா கட்டிடும், அந்த ஒழுங்கு அழகா இருக்கும். பேஸிக் யூஐன்னு ஒரு எளிமையான பக்கமும் உண்டு, ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் தெறக்கவே திணறுன என் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்ல அது சட்டுன்னு வந்துச்சு. ஆனா திங் (சாமான்), சானல் (அது செய்யுற ஒவ்வொரு வேலை), ஐட்டம் (ஸ்க்ரீன்ல தெரியுறது)னு மூணு அடுக்கு புரியுறதுக்கே எனக்கு ஒரு வாரம் ஆச்சு, ஒரு லைட்டை சேக்குறதுக்கு இத்தனை படியான்னு சலிப்பா இருக்கும். அதைவிட எனக்கு உறுத்துனது, சென்சாரோட ஒயரைப் பிடுங்கிட்டுப் பாத்தேன், செட்டிங்ஸ்ல திங் ஆஃப்லைன்னு காட்டுது, முகப்புல டேங்க் மட்டும் பழைய 70 சதவீதத்துலயே நிக்குது. விதி (இப்படி ஆனா இதைச் செய்யுன்னு சொல்ற உத்தரவு) எழுதி அதை மாத்தலாம், மாத்துனேன், ஆனாலும் ஒவ்வொரு சென்சாருக்கும் ஞாபகமா எழுதணும்.

நோட்-ரெட் வேற ஜாதி. ஐபிஎம்ல 2013ல பிறந்தது, பெட்டிகளைக் கோடு போட்டு இணைச்சா லாஜிக் ரெடி, அது மேல டாஷ்போர்டு நோடு (பெட்டிக்கு அவங்க வச்ச பேர் நோடு) போட்டா கேஜ் (அளவு காட்டுற முள்), பட்டன், சார்ட் எல்லாம் வந்துடும். அரை மணி நேரத்துல டேங்க் கேஜ் ஓடவச்சேன், அந்த சந்தோசம் மத்த ரெண்டுலயும் கெடைக்கல. ஆனா எல்லாம் நம்ம தலையிலதான், சார்ட் டேட்டா மெமரியில இருக்கும், சேமிக்க ஏற்பாடு பண்ணலைன்னா ரீஸ்டார்ட்ல காணாமப் போயிடும், சென்சார் செத்ததைக் கண்டுபிடிக்கணும்னா அதுக்கும் நாமளே பெட்டி போடணும். பழைய டாஷ்போர்டு நோடை இப்போ கைவிட்டுட்டாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க டாஷ்போர்டு 2.0வை எடுங்க.

லாகின் விசயத்தை யாரும் பேச மாட்டேங்குறாங்க. ஹோம் அசிஸ்டன்ட் முதல் நாளே யூசர், பாஸ்வேர்டு கேக்கும். ஓப்பன்ஹேப்ல செட்டிங்ஸுக்குத்தான் லாகின், நாமளா நிறுத்தாட்டி வீட்டு வைஃபைல இருக்கிற யாரும் லைட்டைப் போடலாம், அணைக்கலாம். நோட்-ரெட் நீங்களா பூட்டுற வரைக்கும் எடிட்டர் உட்பட தெறந்தே கெடக்கும். தயவு செஞ்சு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வேர்டு பண்ணி இதையெல்லாம் வெளியில விடாதீங்க, உங்க மோட்டாரையும் கீசரையும் முன்னப்பின்ன தெரியாதவன் கையில குடுக்குற மாதிரி அது. வெளியிலேர்ந்து பாக்கணும்னா டெயில்ஸ்கேல் (போனையும் வீட்டு சர்வரையும் பாதுகாப்பா இணைக்கிற சேவை) போதும், நெட் கம்பெனி தனி ஐபி (இன்டர்நெட்ல வீட்டோட முகவரி) தராட்டியும் அது வேலை செய்யும்.

எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ஒண்ணு மட்டும் செய்யுங்க, மோட்டார் பட்டன் பக்கத்துலயே வாட்ஸ் எண்ணை வைங்க. பட்டன் "ஆன்"னு சொல்றது ரிலே மூடியிருக்குங்கிறதை மட்டும்தான், மோட்டார் தண்ணி இழுக்குதான்னு அதுக்குத் தெரியாது. எங்க ஒரு ஹெச்பி மோட்டார் தண்ணி இழுக்குறப்ப ஆயிரம் வாட்ஸ் பக்கம் காட்டும், கீழ் தொட்டி வத்திட்டா சட்டுன்னு இறங்கிடும், அந்த இறக்கத்தை வச்சே நிறுத்துற விதி எழுதியிருக்கேன். அல்ட்ராசோனிக் சென்சாரையும் தண்ணி மட்டத்துலேர்ந்து ஒரு அடியாவது உயரத்துல வைங்க, கிட்டத்துல வந்தா அளவு கன்னாபின்னான்னு ஓடும்.

இப்போ எங்க வீட்ல சுவத்துல ஹோம் அசிஸ்டன்ட், உள்ளுக்குள்ள மோட்டார் விதி மட்டும் நோட்-ரெட்ல. ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு. அடிக்கடி நோண்டப் பிடிக்காது, ஒரு தடவை வச்சா அஞ்சு வருசம் ஓடணும்னு நெனைக்கிறவங்க ஓப்பன்ஹேப்புக்குப் போங்க, நல்ல முடிவுதான். நேத்து மறுபடியும் நெட் போச்சு, அம்மா டேப்லெட்டைப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாங்க, "டேய், டேங்க் 90 வந்துடுச்சு, நானே நிறுத்திட்டேன், வாட்ஸும் ஜீரோ ஆயிடுச்சு பாத்துட்டேன்."