ஸ்டீல் ரேசர் என்று 3,450 ரூபாய்க்கு ஜமாக்கை (துத்தநாகக் கலப்பு உலோகம்) தலையில் கட்டிவிட்டார்கள், உஷார்

பழைய பாணி ஷேவிங் சாமான் மட்டும் விற்கிற ஒரு ஆன்லைன் பக்கம் என்னிடம் 3,450 ரூபாய் பிடுங்கியிருக்கிறது. பெயர் போடவில்லை, ஆனால் இந்த மாதிரிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே போட்டோ. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. முரட்டுத் தாடி. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த ரேசர் போட்டால் கழுத்தெல்லாம் கொப்புளம், முடி உள்ளேயே சுருண்டு வளரும். ஒற்றை பிளேடு மாட்டும் பழைய ரேசர்தான் ஒத்துக்கொள்ளும். அப்பாவுடையதில் மரை தேய்ந்துவிட்டதால், ஆயுசுக்கும் இருக்கட்டும் என்று 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தேடினேன்.

அந்தப் பக்கத்துக்காரரிடம் நேராகவே கேட்டேன், இது முழு ஸ்டீல்தானுங்களா, முலாம் பூசினது இல்லையே என்று. உடனே வீடியோ காலில் வந்தார். "பாருங்கண்ணா" என்று ரேசரின் தலைமேல் ஒரு காந்தத்தை வைத்துச் சாய்த்தார். ஒட்டவில்லை, வழுக்கி மேசையில் விழுந்தது. "நல்ல ஸ்டெயின்லெஸ்ல காந்தம் புடிக்காதுங்கண்ணா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். 316இல் காந்தம் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் துத்தநாகத்திலும் பிடிக்காது, பித்தளையிலும் பிடிக்காது, அதை அவர் சொல்லவில்லை! அந்த நிமிஷமே யூபிஐயில் 3,450 ரூபாய் போட்டேன்.

முதல் ஷேவிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் நன்றாக வழித்தது, ரேசரைத் திருப்பி மறுபக்கத்தை வைத்ததும் காதுக்குக் கீழே ரத்தம். கழுவிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தலையை நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பிளேடு மெல்லிய கோடாகத் தெரிகிறது, மறு ஓரத்தில் அதைவிட இரண்டு மடங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் கோணலாக. பிளேடை நிறுத்தும் நடுத்தண்டு சரியான அளவில் இல்லாததால் பிளேடு உள்ளேயே இப்படியும் அப்படியும் நகர்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. இந்த பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான், தானாக விறைத்து நிற்காது. மேல்மூடியும் கீழ்த்தட்டும் அதை வளைத்து, வெட்டும் விளிம்புக்குப் பக்கத்திலேயே இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முடியில் படும்போது அதிரும், அந்த அதிர்வுதான் எரிச்சல். 1904இல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை வாங்கிய ரேசரின் அடிப்படையே இதுதான், மெல்லிய பிளேடு, விறைப்பைத் தருவது பிடிமானம். அப்புறம் விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டுகிறது, பிளேடுக்கும் கீழே தோலில் படும் பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இந்த இரண்டும்தான் ஷேவ் மிருதுவா முரடா என்று தீர்மானிக்கும். இதில் மயிரிழை மாறினாலும் கன்னத்தில் தெரியும். இந்தத் துல்லியத்துக்குத்தான் 3,450 ரூபாய், பளபளப்புக்கு இல்லை.

போன் செய்தேன். "புது ரேசருங்கண்ணா, தோல் பழகணும்." சரி என்று விட்டேன். அடுத்து, "பிளேடு மாத்திப் பாருங்க." மாற்றினேன், அதே ரத்தம். அப்புறம், "முப்பது டிகிரி சாய்ச்சுப் புடிக்கணுங்க, நீங்க அழுத்துறீங்க." வருஷக்கணக்காக இதே மாதிரி ரேசரில் ஷேவ் செய்கிறவனிடம்! ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிறதே என்று போட்டோ அனுப்பினால் பதில், "யூஸ் பண்ணின ஐட்டம், சுகாதாரக் காரணத்தால் ரிட்டர்ன் இல்லை." ஷேவ் செய்யாமல் ரேசர் சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் ஒருநாள் பிளேடு மாட்டி முறுக்கும்போது மூடியின் தண்டு கையோடு முறிந்தது. ஸ்டீல் இப்படி முறியாது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக இருந்தது. பொள்ளாச்சியில் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன், அவர் மூடியின் அடியில் அரத்தை லேசாக இழுத்தார். மேலே குரோம், அடியில் செம்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம், அதற்கும் கீழே மங்கலான சாம்பல். "தம்பி, இது ஸ்டீலே இல்ல, ஜமாக் வார்ப்பு" என்றார். ஜமாக்கில் நல்ல ரேசரே இல்லை என்று சொல்லவில்லை, சில நூறு ரூபாய்க்கு ஒழுங்காக வழிக்கிறவை இருக்கின்றன. அதை ஸ்டீல் என்று சொல்லி 3,450 ரூபாய் வாங்குவதற்குப் பெயர் வியாபாரமா?

இதையும் அனுப்பினேன். கடைசியாக வந்த பதில்: "நீங்க கேரளா, நாங்க தமிழ்நாடு, கேஸ் போடறதுன்னா இங்க வந்துதான் போடணும்." அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். சுத்தப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எனக்குப் பாலக்காடு போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

சரி, பார்க்க வேண்டியவை. காந்தத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். பிளேடு மாட்டிய தலையை இரண்டு ஓரமும் தெரியும்படி போட்டோ கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். என்ன உலோகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், பணம் போட்ட ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். நான் புகார் பதிந்துவிட்டேன், 3,450 ரூபாய் வரும்வரை விடப்போவதில்லை.