கேக்கா, பலூன் பெட்டியா, பவுடரா? ஜெண்டர் ரிவீல் விருந்துக்கு எது தோது?

என் நாத்தனார் மாசமாக இருந்தபோது, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் ஜெண்டர் ரிவீல் விருந்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். இங்கே பரவலாக உள்ள வழிகள் மூன்று: உள்ளே நிறம் ஒளித்த கேக், திறந்தால் பலூன் எழும் பெட்டி, திருகினால் நிறப் பொடி பீய்ச்சும் பவுடர் கேனன். நாங்கள் கேக்கைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். பலூன் பெட்டியை நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பவுடரைப் பார்த்ததோடு சரி என்றில்லை, முடிந்தபின் துடைப்பமும் பிடித்திருக்கிறேன். கொளுத்தினால் நிறப் புகை கக்கும் புகைக்குண்டு பக்கமே போனதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டறிவதும் தெரிவிப்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் கருக்கள் கலைக்கப்பட்ட வரலாற்றிலிருந்து வந்த சட்டம் அது. 2024 மே மாதம் சென்னை யூடியூபர் ஒருவர் துபாயில் செய்த பரிசோதனையின் முடிவை விருந்து வைத்து வீடியோவாகப் போட்டார். தமிழ்நாடு சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் இதற்குத் தடை இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டு வீடியோ எதையும் பொதுவில் போடுவதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

முடிவு எப்போது கையில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் டிஎன்ஏ துணுக்குகளை வைத்துப் பார்க்கும் பரிசோதனையை 10-ஆவது வாரத்திலிருந்து செய்யலாம், ஸ்கேனில் தெரிய ஏறக்குறைய 20-ஆவது வாரம் ஆகும். இதில் கவனிக்க வேண்டியது மருத்துவமனை போர்ட்டல். 2021-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய அரசு விதியால் இங்கே லேப் முடிவுகள் டாக்டர் பார்க்கும் முன்பே நோயாளியின் செல்போனுக்கு வந்துவிடும். பாலின விவரத்தைத் தனியாக மறைத்துத் தர முடியுமா என்று ரத்தம் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் விருந்துக்கு முன்னால் ஒரு நோட்டிஃபிகேஷனே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அடுத்தது தீம். இந்திய வீடுகளில் அடிக்கடி பார்ப்பது ‘லட்டா ஜிலேபியா’. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வடக்கே சில இடங்களில் மகன் பிறந்தால்தான் லட்டு என்று வழக்கம் இருந்திருக்கிறது, அந்தக் கணக்கு நம் வீட்டுக்குள் எதற்கு? நாங்கள் எடுத்தது நட்சத்திரம். ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டை வைத்து இங்கே எல்லாரும் எடுக்கும் தீம்தான். நாங்கள் செய்த ஒரே மாற்றம், விருந்தினர்கள் தங்கள் ஊகத்தைக் குறிக்கும் பலகையில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம் போடாமல் அஸ்வினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரங்களையும் எழுதிவிட்டது. பிரசவத் தேதியை ஒட்டி எந்த நட்சத்திரம் வரும் என்று செல்போனில் பஞ்சாங்கத்தைத் தட்டிப் பார்த்தபடி பெரியப்பாக்கள் எல்லாம் அந்தப் பலகை முன்னால் நின்றார்கள். ஜெண்டர் ரிவீல் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அவர்கள்.

நிறத்தில்தான் கொஞ்சம் இழுபறி. இரவு வானம் என்றால் கருநீலம், ஆனால் நீலம் வைத்தால் பையன் என்று சூசகம் சொல்வதுபோல் ஆகிவிடும். கருப்பும் தங்கமும் என்றதும் மதுரையிலிருந்து என் மாமியார் போனிலேயே தடை போட்டார்: “வயித்துப் பிள்ளைக்காரி முன்னாடி கருப்புத் துணியக் கட்டித் தொங்க விடுவியா?” பிராமண வீடுகளில் வளைகாப்புக்கு மசக்கைக் கருப்பு என்று கருப்புப் புடவையே எடுத்துக் கொடுக்கிறார்களே என்றேன். “அவுக வழக்கம் அவுகளுக்கு” என்று முடித்துவிட்டார். கத்தரிப்பூ நிறமும் தங்கமும் என்று ஒத்துப்போனோம். ஊசியால் குத்தினால் நிறம் கொட்டும் பெரிய கருப்புப் பலூனும் இந்தப் பேச்சிலேயே அடிபட்டுப் போனது.

இனி ஒப்பீடு. செலவை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பவுடர் கேனன்தான் மலிவு, கேக் நடுத்தரம், அலங்காரக்காரர் செய்து தரும் பலூன் பெட்டி அதிகம். வீட்டிலேயே பெட்டி ஒட்டி ஹீலியம் வாடகைக்கு எடுத்தால் அதுவும் கேக் விலைக்கு இறங்கிவிடும். போட்டோவுக்கு எது அழகு என்று கேட்டால் பவுடர்தான், அதில் சந்தேகமே இல்லை. வெயில் சாயும் நேரத்தில் பிங்க் மேகத்துக்கு நடுவே தம்பதி நிற்கும் படத்துக்கு ஈடாகக் கேக் படம் ஒன்றுகூட வராது.

அந்த இரண்டு விநாடி முடிந்தபின் என்ன மிஞ்சுகிறது, அதை யார் கூட்டுவது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

பவுடர் என்பது பெரும்பாலும் சோளமாவில் கலந்த உணவு நிறம். ‘தண்ணீரில் கரையும், கறை படியாது’ என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். காய்ந்த புல்வெளியில், காற்று சாதகமாக இருந்தால் அது உண்மைதான். ஆனால் சிமென்ட் தரையிலோ மரத் தளத்திலோ விழுந்து அதன்மேல் தண்ணீர் பட்டால் நிறம் உள்ளே இறங்கிவிடுகிறது. எல்லாரும் முதலில் செய்வது ஹோஸ் பைப்பைத் திறப்பது, அதைத்தான் செய்யக் கூடாது. ஈரம் படுவதற்குள் இலை ஊதும் மெஷினால் ஊதித் தள்ளிவிட்டு, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, கடைசியில்தான் தண்ணீர். இரவுப் பனி இறங்கினால் அதுவும் ஈரம்தான், ஆகவே அன்று சாயங்காலமே முடித்தாக வேண்டும். அப்போது யார் கை சும்மா இருக்கும்? மாசமான பெண்ணின் அம்மா, அண்ணி, சித்தி என்று விருந்துக்குச் சமைத்த அதே கைகள்தான். வீட்டுச் சுவரின் வெளிர்நிற வினைல் பலகை இடுக்கு, பக்கத்து வீட்டுக் கார், பட்டுப் புடவைக் கொசுவம் என்று பொடி போகாத இடமே இல்லை. ஹோலி முடிந்த தெரு மாதிரி இருக்கும், ஆனால் இது உங்கள் சொந்தக் கொல்லை.

பொடியில் இன்னொரு சிக்கல் நெருப்பு. சோளமாவு காற்றில் மிதக்கும்போது தீப்பற்றும். 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப் பூங்காவில் நிறப் பொடி வீசிய கொண்டாட்டத்தில் தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் தீக்காயம் பட்டார்கள். கொல்லையில் திருகும் ஒரு கேனனுக்கும் அதற்கும் அளவில் வெகுதூரம். இருந்தாலும் பக்கத்தில் பார்பிக்யூ அடுப்பு எரிகிறதா, குத்துவிளக்கு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், கேனனை முகத்துக்கு நேராக இல்லாமல் மேலே சாய்த்துப் பிடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

புகைக்குண்டைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் யுகாய்ப்பா ஊர்ப் பூங்காவில் ஒரு குடும்பம் கொளுத்திய ரிவீல் புகைக்குண்டால் 22,000 ஏக்கருக்கு மேல் காடு எரிந்தது, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார், தம்பதி மீது வழக்கும் நடந்தது. எங்கள் மாநிலத்திலும் 2024 இலையுதிர் காலம் வறண்டு காட்டுத்தீ பரவியது. இதை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை.

பலூன் பெட்டியில் கூட்டிப் பெருக்கும் வேலை குறைவு, ஆனால் வேறு விதமான வேலை இருக்கிறது. வெளியே திறந்தால் ஹீலியம் பலூன்கள் பறந்துவிடும். பலூனை வேண்டுமென்றே பறக்க விடுவதை வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 2021-இலேயே தடை செய்தன, ஃபுளோரிடா 2024-இல் தடை செய்தது. சட்டம் இல்லாத ஊரிலும் பெட்டியின் அடியில் எடை வைத்து நூலால் கட்டிவிடுவதே சரி. பலூனுக்குள் மினுங்கும் கன்ஃபெட்டி போட்டால் அது பவுடரைவிட மோசம். புல்லுக்குள் போன ஃபாயில் துணுக்கை விரலால்தான் பொறுக்க வேண்டும், அடுத்த கோடையிலும் கண்ணில் படும். பூங்கா பெவிலியனோ ஹாலோ வாடகைக்கு எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் கன்ஃபெட்டி, கிளிட்டர் பற்றி இருக்கும் வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், டெபாசிட் அங்கேதான் போகும். விருந்தில் தவழும் குழந்தைகள் இருந்தால் வெடித்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு என்று இங்கே பலூன் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

கேக்கில் மிஞ்சுவது பேப்பர் தட்டும் வயிறும்தான். இந்த வழக்கமே கேக்கில்தான் பிரபலமாயிற்று. 2008-இல் ஜென்னா கார்வுனிடிஸ் என்ற அமெரிக்கப் பெண் உள்ளே பிங்க் கிரீம் வைத்த கேக்கை வெட்டி வலைப்பூவில் எழுதினார், அது பரவியது. பின்னாளில் அவரே இந்த மோகம் எல்லை மீறிப் போவதாக வருந்தினார். பிங்க் கேக்குக்குப் பிறந்த அந்த மகள் கோட் சூட் விரும்பி அணிகிறாள் என்றும் 2019-இல் சொன்னார். சிரித்துக்கொண்டே படித்தேன், ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

கேக்கிலும் நுணுக்கம் இல்லாமல் இல்லை. சாதாரண கேக் மாவில் முட்டை மஞ்சள்கரு இருக்கும், நீலத்தைக் கலந்தால் பச்சையாகும், பிங்க் செம்மண் நிறத்துக்குப் போகும். மஞ்சள்கரு இல்லாததால் முட்டையில்லாக் கேக்கில் நிறம் சுத்தமாக வரும். ஓக் ட்ரீ ரோடு பக்கத்து இந்திய பேக்கரிகளில் முட்டையில்லாத கேக் சாதாரணமாகவே கிடைக்கும், எங்கள் வீட்டுச் சைவ உறவுகளுக்கும் அதுவே தேவைப்பட்டது. மாவில் நிறம் சேர்ப்பதைவிட நடுவில் உள்ள கிரீமில் சேர்ப்பது இன்னும் நல்லது. பட்டர்கிரீம் தானே கொஞ்சம் மஞ்சளாக இருப்பதால் நீலத்தோடு துளி ஊதாவும் சேர்க்க வேண்டும், நல்ல பேக்கரிக்காரருக்கு இது தெரிந்திருக்கும். ஜெல் நிறம் சில மணி நேரத்தில் அழுத்தமாகும், அதனால் முந்தின நாளே செய்து வைக்கச் சொல்லலாம். வெளிப்பக்கம் கசிந்து காட்டிக்கொடுக்காமல் இருக்க நிறத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கேக் இருக்கட்டும்.

கேக்கின் நிஜமான பலவீனம் வீடியோ கால். ஊரில் இருக்கும் பாட்டிகளுக்கு வெளிறிய பிங்க் வெள்ளையாகத்தான் தெரியும். “என்னம்மா, எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று அங்கிருந்து குரல் வந்தால் இங்கே உற்சாகம் எல்லாம் இறங்கிவிடும். பலூன் பெட்டிக்கு இந்தக் குறை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் கேக்கின் நடுவைக் குடைந்து ஒரே நிறத்து எம் அண்ட் எம் மிட்டாய்களை நிரப்பச் சொல்லியிருந்தோம். துண்டை இழுத்ததும் பொலபொலவென்று தட்டில் கொட்டியது பிங்க், மதுரையில் மாமியார் எங்களுக்கு முன்பே “பொண்ணு!” என்று கத்திவிட்டார். இன்னொரு வசதி, கிரீம் என்றால் முதல் வெட்டிலேயே கத்தியில் நிறம் ஒட்டிக்கொண்டு ரகசியம் உடைந்துவிடும். மிட்டாயில் அந்தப் பிரச்சினை இல்லை.

இரட்டைக் குழந்தை என்றால் கேக் எப்படிச் சரிவரும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இரண்டு சிறு கேக்குகளை அடுத்தடுத்து வெட்டலாம் என்றுதான் தோன்றுகிறது, செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. வீட்டில் ஏற்கெனவே மூன்று நான்கு வயதில் ஒரு பிள்ளை இருந்தால் நானே பலூன் பெட்டியைத்தான் சொல்வேன். அண்ணனோ அக்காவோ ஆகப்போகிற அந்தக் குழந்தைக்குப் பெட்டியைத் திறக்கும் வேலை கிடைக்கும், கத்தியைக் கையில் கொடுக்க முடியாது பாருங்கள்.

கேக் என்று முடிவானால் லேப் கவரை அப்படியே பேக்கரியில் கொடுக்காதீர்கள். ஆர்டர் எழுதுபவர் ஒருவர், கேக் செய்பவர் இன்னொருவர். ரகசியம் காக்கும் தோழி ஒருத்தி கவரைப் பிரித்துப் பார்த்து, என்ன நிறம் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நேரில் கொடுக்கட்டும். ஆர்டரில் அவள் செல்போன் நம்பரே இருக்கட்டும். சந்தேகம் கேட்கப் பேக்கரியிலிருந்து யாராவது கூப்பிட்டு “மேடம், பிங்க்தானே?” என்றால் அந்தக் கேள்வி அவள் காதில் மட்டும் விழும்.