கோர்ட் ரெகார்டை அழிச்சுத் தர்றோம்னு 38,500 ரூபாயைத் தின்னுபோட்டானுங்க, யாரும் ஏமாந்துறாதீங்க

நேத்து பொழுதோட காசு வாங்குனவனோட நம்பர் மொத்தமா ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு மாசமா "ப்ராசஸ்ல இருக்குதுங்ணா, ப்ராசஸ்ல இருக்குதுங்ணா"ன்னவன் இப்ப வாட்ஸ்அப்ல போட்டோவையும் எடுத்துட்டான். ரவைக்குத் தூக்கமே இல்லீங்க, அதான் காத்தாலயே டைப் பண்றேன். இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எப்படித் தப்பிக்கறதுன்னு கடைசில வெவரமா சொல்றேன், மொதல்ல நடந்ததக் கேளுங்க.

என்ற தங்கச்சிக்கு பரஸ்பர சம்மதத்துல டைவர்ஸ் ஆகி மூணு வருசமாச்சு. பிரச்சனை டைவர்ஸ் இல்ல. அதுக்கு முன்னாடி அவ புருசனா இருந்த பையன் சென்னைல கேஸ் போட்டதால அத திருப்பூருக்கு மாத்தச் சொல்லி நாங்க ஐகோர்ட்டுக்குப் போனோம், அந்த ஆர்டர்ல இவ பேரு, எங்கப்பா பேரு, அந்தாளு இவ மேல சொன்ன அத்தனை அபாண்டமும் அப்படியே இருக்குது. தீர்ப்பெல்லாம் தேடற ஒரு வெப்சைட்டுல அது கெடக்குது. கூகுள்ல இவ பேரைப் போட்டா மொதல்ல அதுதான் வருது. போன வைகாசில ஒரு நல்ல வரன், கூட்டம், அதாங்க குலமெல்லாம் விசாரிச்சு ஜாதகம் பாத்து சரின்னாங்க, பொண்ணு பாக்க வர்ற அன்னைக்குக் காத்தால போன் பண்ணி "ஒறம்பரை ஊட்டுல ஒரு கேதம்"னாங்க. கேதமும் இல்ல ஒண்ணும் இல்ல, பையனோட மாமன் கூகுள்ல தேடியிருக்காரு.

அந்த வெசனத்துல இருக்கறப்பதான் இன்ஸ்டால ஒரு விளம்பரம். "உங்கள் சிவில் வழக்கு, விவாகரத்து வழக்கு ரெகார்டுகளை நிரந்தரமாக சீல் செய்கிறோம், 21 நாளில் எக்ஸ்பஞ்ச்மென்ட்." எக்ஸ்பஞ்ச்மென்ட்னா ரெகார்டையே அழிக்கறதாம், அப்ப அந்த வார்த்தைக்கு அர்த்தம் கூடத் தெரியாது. போன் பண்ணேன். எடுத்தவன் நம்மூருப் பேச்சுங்க. "சொல்லுங்ணா, எந்த ஊருங்ணா"ன்னான், பல்லடம் பக்கம்னேன், "அட நம்ம பக்கந்தானுங்ணா, எங்க அம்முச்சி ஊரு காங்கேயம்"ன்னான். அதுல உழுந்துட்டேன். இந்தில பேசியிருந்தா அப்பவே கட் பண்ணியிருப்பேன். "உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிங்ணா, காசுக்காக இதச் செய்யறதில்ல"ன்னான். எங்கம்மா பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்துச்சு, அதுக்குக் கண்ணுல தண்ணி.

மொதல்ல ரிஜிஸ்ட்ரேஷன்னு 8,500. அப்பறம் "கோர்ட் பீஸ்"னு 30,000. அந்த முப்பதாயிரம் தங்கச்சி பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்குப் போயி ஏலச்சீட்டுல சேத்த காசுங்க. ஜிபே பண்றப்ப கம்பெனி பேரு வரல, யாரோ ஒரு தனி ஆளு பேரு வந்துச்சு. கேட்டேன். "அக்கவுண்டன்ட் நம்பருங்ணா"ன்னான். நானும் சரின்னு போட்டேன், என்னைச் சொல்லணும். மொத்தம் 38,500.

ஒரு பெட்டிஷன் டிராப்ட்டுனு அனுப்பிச்சான். முழுக்க இங்கிலீஷ். அதுல "ஸ்டேட், கவுண்டி"ன்னு இருந்துச்சு. எங்க அப்பிச்சி கண்ணாடியப் போட்டுட்டு எழுத்துக்கூட்டிப் பாத்துட்டு, "கவுண்டர்னு போடறதுக்கு கவுண்டினு போட்டுட்டானுங்களாட்ட இருக்குது"ன்னாரு. அப்ப சிரிச்சோம். கவுண்டின்னா அமெரிக்கால மாவட்டம் மாதிரியாம், அது எங்கயோ அமெரிக்கா பாரத்தக் காப்பியடிச்சதுன்னு இப்பத்தான் தெரியுது.

21 நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகல. கோர்ட் லீவுன்னான். அப்பறம் சர்வர்ன்னான், மேனேஜர் பேசுவாருன்னான், மேனேஜர்னு பேசுனவன் "சார் யூ ஹேவ் டு கோஆபரேட்"ங்கறான், நான் என்ன கோஆபரேட் பண்ணாம இருந்தேன்? ரொம்பச் சத்தம் போட்டதுக்கப்பறம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு, கூகுள்ல பேரைப் போட்டிருக்குது, அந்த லிங்க் இல்ல. ஊட்டுல எல்லாருக்கும் சந்தோசம், அம்மா கோயிலுக்கே கெளம்பிருச்சு. தங்கச்சிதான் போனை வாங்கிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "அண்ணா, என்ற பேருல ஹெச் கெடையாதே"ன்னா. ஸ்பெல்லிங்க மாத்திப் போட்டுத் தேடி வராத மாதிரி காட்டியிருக்கானுங்க! அந்தப் புள்ள அதச் சொல்லிட்டு பொட்டாட்ட உள்ள போயிருச்சு. அதாங்க எனக்குத் தாங்கல, 38,500 கூட அப்பறம்.

பொறவு ஒரு வக்கீலப் பாத்தேன், இத மொதல்லயே பண்ணியிருக்கணும். அவரு சொன்னது: எக்ஸ்பஞ்ச்மென்ட்ங்கறது அமெரிக்கா சமாச்சாரம், அங்க ஒவ்வொரு ஸ்டேட்லயும் அதுக்குன்னு தனிச் சட்டம் இருக்குது, பெரும்பாலும் கிரிமினல் ரெகார்டுக்கு, சில ஸ்டேட்ல வாடகை ஊட்டக் காலி பண்ணச் சொன்ன கேசுக்கும். நம்மூருல டைவர்ஸ் கேஸை 21 நாள்ல சீல் பண்ற சட்டமே இல்ல. இந்து திருமணச் சட்டம் 22ம் பிரிவுல இந்தக் கேசு வெவரத்த வெளியிடக்கூடாது, மீறுனா ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம்னு இருக்குதாம், ஆனா ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப கோர்ட் அனுமதியோட அச்சடிக்கறதுக்கு அதுல வெலக்கு. செய்யணும்னா அதே கோர்ட்டுல மனு போட்டு பேரை மறைக்கச் சொல்லிக் கேக்கலாம், கெடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. கேரளா ஐகோர்ட் 2022 டிசம்பர்ல, குடும்பக் கேஸ்ல கட்சிக்காரங்க கேட்டா அவங்க சொந்த வெவரத்த கோர்ட் வெப்சைட்ல போடக்கூடாதுன்னு சொல்லியிருக்குது. நம்ம சென்னை ஐகோர்ட்ல, கேஸ்ல விடுதலையான ஒருத்தரு தீர்ப்புல இருந்து தன் பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டப்ப 2021ல முடியாதுன்னாங்க, 2024 பிப்ரவரில ரெண்டு ஜட்ஜ் இருக்கற டிவிஷன் பெஞ்ச் எடுக்கச் சொன்னாங்க, ஜூலைல சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டுருச்சு. பெரிய பெரிய கோர்ட்டே இன்னும் முடிவு பண்ணாதத இவன் 21 நாள்ல பண்றானாம், கெரகம்.

இன்னொண்ணு கேட்டுத்தான் வயிறே எரிஞ்சு போச்சு. பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்காம இலவச வக்கீல் உண்டாம், கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்குது, 15100க்கு போன் பண்ணாக் கூடச் சொல்லுவாங்களாம். சும்மா கெடைக்கறதுக்கு 38,500 அழுதிருக்கேன்.

வெவரமா சொல்றேன்னேன், எனக்கே தலை சுத்துது, இத மட்டும் பாத்துக்கோங்க. தனி ஆளு பேருக்குக் காசு போடாதீங்க. வக்கீலோட பார் கவுன்சில் என்ரோல்மென்ட் நம்பரையும் மனுவோட நம்பரையும் கேளுங்க, ரெண்டும் இல்லாட்டி ஓடிருங்க. ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க, நீங்களே தேடுங்க. நம்மூருப் பேச்சு பேசறான்னு நம்பாதீங்க. காசு போனா அன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, நான் ரெண்டு மாசம் கழிச்சுப் பண்ணேன். கன்ஸ்யூமர் கோர்ட்ல அஞ்சு லட்சம் வரைக்கும் பீஸ் இல்லையாம், அதுவும் போடப்போறேன்.

1930ல நேத்தே சொல்லியாச்சு, கம்ப்ளைன்ட் நம்பர் மெசேஜ்ல வந்துருக்குது. காசு வரல. லிங்க் இன்னும் மொதல்லயேதான் வருது.