எச்.323, சிப், ஸ்கின்னி: கான்ஃபரன்ஸ் தொலைபேசிக்கு எது பொருந்தும்?

கூட்ட அறையின் மேசை நடுவே வைக்க ஐபி கான்ஃபரன்ஸ் தொலைபேசி வாங்குவோர் பெரும்பாலும் மைக்குகளின் எண்ணிக்கையையும் அறையின் அளவையும் பார்த்துவிட்டு, அது எந்தச் சமிக்ஞை நெறிமுறையில் இயங்குகிறது என்பதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். குரலின் தரத்தை மட்டும் கருதினால் அதில் தவறில்லை. எச்.323, சிப் (SIP), சிஸ்கோவின் ஸ்கின்னி ஆகிய மூன்று நெறிமுறைகளும் அழைப்பை ஏற்படுத்தி, நடத்தி, முடித்துவைக்கும் வேலையைத்தான் செய்கின்றன. குரலைச் சுமந்து செல்வது மூன்றிலும் ஆர்டிபி (RTP) என்ற வேறொரு நெறிமுறைதான். குரலை எண்மத் தரவாக்கும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால், குரலுக்கு 64 கிலோபிட், பாக்கெட் தலைப்புகளுக்கு 16 கிலோபிட் என ஒரு திசைக்கு வினாடிக்கு 80 கிலோபிட் செலவாகும். நெறிமுறையை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. வேறுபாடு வெளிப்படுவது கூட்டத்தில் சேர்வதற்கான பின் (PIN) எண்ணை அழுத்தும்போதும், மூன்றாமவரைச் சேர்க்கும்போதும், அழைப்பு ஃபயர்வாலைக் கடக்கும்போதும்தான்.

எச்.323, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-இல் ஏற்ற தரம். ஐஎஸ்டிஎன் என்ற எண்மத் தொலைபேசி உலகின் கியூ.931 சமிக்ஞை முறையை அடிப்படையாகக் கொண்டதால், தொலைபேசித் துறையினரின் கண்டிப்பும் விரிவும் அதில் உண்டு. செய்திகள் பைனரி வடிவில் செல்லும். சிப், இணையப் பொறியாளர்களின் ஐஇடிஎஃப் அமைப்பிலிருந்து 1999-இல் வந்து, 2002-இல் ஆர்எஃப்சி 3261 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. அதன் செய்திகள் எச்டிடிபியைப் போல வெறும் எழுத்துகள். எழுத்தாக இருப்பதால் சிப்பில் பழுது கண்டுபிடிப்பது எளிது என்று அடிக்கடி சொல்வார்கள். வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருள் இரண்டையும் பிரித்துக் காட்டும்போது இந்த வாதத்துக்குப் பெரிய வலு இல்லை என்பது என் கருத்து. சிப்பின் உண்மையான பலம் வேறு: கைபேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி அமைப்பு 2000-இல் அதைத் தேர்ந்தெடுத்ததால் வோல்டிஇ வரை அதுவே பரவியது, இன்று இணையவழித் தொலைபேசி இணைப்பு தருவோரும் பெரும்பாலும் பல அழைப்புகளைச் சுமக்கும் சிப் டிரங்க் இணைப்பையே தருகிறார்கள். ஸ்கின்னி, 1998-இல் சிஸ்கோ வாங்கிய செல்சியஸ் நிறுவனத்தின் தனியுரிமைப் படைப்பு. அதில் தொலைபேசி ஏறக்குறைய எதையும் தானாக முடிவு செய்யாது. ஒவ்வொரு விசையழுத்தத்தையும் டிசிபி 2000 போர்ட் வழியாகக் அழைப்புகளை நிர்வகிக்கும் கால் மேனேஜர் சர்வருக்குச் சொல்லிவிட்டு, அது இட்ட கட்டளைப்படி நடக்கும்.

இந்தக் கீழ்ப்படிதலின் பயன் பின் எண்ணில் தெரிகிறது. கான்ஃபரன்ஸ் தொலைபேசியிலிருந்து, பலரின் அழைப்புகளை ஒன்றாக இணைக்கும் பாலத்துக்கு அழைத்து எண்ணை அழுத்தும்போது, ஸ்கின்னியில் அது குரலோடு கலக்காமல் சமிக்ஞைச் செய்தியாகவே சர்வரை அடைகிறது. எச்.323-இலும் எச்.245 கட்டுப்பாட்டுத் தடம் வழியாக அனுப்பலாம். சிப்பிலோ மூன்று வழிகள் புழங்குகின்றன: ஆர்எஃப்சி 4733 கூறும் தனி ஆர்டிபி பாக்கெட்டுகள், இன்ஃபோ செய்திகள், குரலுக்குள்ளேயே செல்லும் டோன்கள். ஒரு முனை ஒன்றையும் மறுமுனை வேறொன்றையும் எதிர்பார்த்தால், பேச்சு தெளிவாகக் கேட்டாலும் பாலம் பின் எண்ணை ஏற்காது. அதிலும் ஜி.729 போன்ற, பேச்சுக்கென்றே வடிவமைத்த சுருக்கக் கோடெக் வழியாக டோன்களை அனுப்பினால் அவை சிதைந்துவிடும் என்பதால், சிப் தொலைபேசியில் நான் முதலில் சரிபார்ப்பது 4733 இயக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

மூன்றாமவரைச் சேர்ப்பதில் நிலைமை தலைகீழாகிறது. பல சிப் தொலைபேசிகள் மூன்று பேரின் குரலைத் தாமே கலந்துவிடும். சர்வரில் தனி வசதி தேவையில்லை. ஆனால் கலக்கும் தொலைபேசி ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடை அனுப்புவதால் அதன் இணைப்பில் 80 கிலோபிட் 160 ஆகிறது. அது விலகினால் கலப்பும் நின்றுவிடும். ஸ்கின்னியில் கலக்கும் பொறுப்பு கால் மேனேஜரின் கான்ஃபரன்ஸ் பாலத்துக்கு உரியது. மென்பொருள் பாலம் ஜி.729-ஐ ஏற்காது என்பதால், கிளை அலுவலகங்களை அந்தக் கோடெக்கில் இணைத்திருப்போர் குரலைக் கையாளும் டிஎஸ்பி சில்லு பொருத்திய ரவுட்டருக்குத் தனியே செலவிட நேரும். எச்.323 இதற்கு எம்சியு என்ற தனி உறுப்பையே வகுத்திருக்கிறது. அதன் விலைதான் சிறு அலுவலகங்களுக்குத் தடை.

ஃபயர்வாலைப் பொறுத்தவரை எதுவும் சுகமில்லை. எச்.323 அழைப்பு டிசிபி 1720-இல் தொடங்கி, எச்.245-க்கு அப்போதைக்கு முடிவாகும் இன்னொரு போர்ட்டைத் திறக்கிறது. உள்வலை முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட் (NAT) அமைப்பைக் கடக்க உதவும் எச்.460.18, 19 ஆகியவை 2005-இல்தான் வந்தன. சிப் 5060-இல் எளிதாக வெளியேறினாலும், உள்வலை ஐபி முகவரியைச் செய்திக்குள் எழுதி அனுப்பிவிடுவதால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் பழைய தொல்லை எழுகிறது. அதைத் திருத்துவதற்கென ரவுட்டர்களில் வைத்த சிப் ஏஎல்ஜி வசதி பல இடங்களில் நிலைமையை மேலும் கெடுப்பதே வாடிக்கை. அதை அணைத்துவிடுவது நல்லது. 5061 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற குறியாக்க முறை வழியாகச் சென்றால் ஏஎல்ஜி கைவைக்க முடியாது. குரலைக் குறியாக்கும் எஸ்ஆர்டிபியின் சாவியை எஸ்டிஇஎஸ் முறையில் சமிக்ஞைச் செய்திக்குள்ளேயே அனுப்புவோருக்கு டிஎல்எஸ் இல்லாத குறியாக்கம் பெயரளவில்தான் இருக்கும். ஸ்கின்னி அலுவலக வலைக்குள் இருக்கும்வரை இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை எழுவதில்லை. வெளியே கொண்டுசெல்ல வேண்டுமானால் விபிஎன் போடுவதே வழக்கம்.

புதிதாக வாங்குவோருக்கு சிப்பைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பழைய எச்.323 வீடியோ அறைகள் இன்னும் இயங்கும் நிறுவனம், சிப் தொலைபேசியை வாங்கி இரண்டு நெறிமுறைகளையும் இணைக்கும் ஒரு கேட்வேயை இடையில் வைத்துக்கொள்ளலாம். சிஸ்கோ 7936 போன்ற ஸ்கின்னி தொலைபேசி வைத்திருப்போர், அதை ஆதரிக்கும் கால் மேனேஜர் பதிப்பு இருக்கும்வரை மாற்றத் தேவையில்லை. தொலைபேசிச் சேவையை வெளி நிறுவனத்தின் கிளவுடுக்கு மாற்றத் திட்டமிட்டால், 7936-க்கு சிப் ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) கிடையாது என்பதால் புதிய தொலைபேசியின் விலையையும் திட்டச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.