கொர்த்தாடோ போட மோக்கா பானையா, எஸ்பிரெஸோ இயந்திரமா?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்கு வீடு மாறிய என் தங்கை கேட்ட கேள்வி இது. கொர்த்தாடோ ஸ்பெயின்காரர்களின் காப்பி: 60 மில்லி எஸ்பிரெஸோ (அழுத்தத்தில் இறக்கிய கெட்டிக் காப்பி), ஏறக்குறைய அதே அளவு சூடான பால், நுரை பேருக்குத்தான்.

விலை:
மோக்கா பானை, அதாவது அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காப்பி இறக்கும் சின்னப் பாத்திரம், மலிவு.
இயந்திரம் பல நூறு வெள்ளி (ரிங்கிட்). அப்புறம் கொட்டை அரைக்க இன்னொன்று.

சுவை:
இங்கேதான் பெரிய வித்தியாசம். இயந்திரம் சுமார் 9 பார் அழுத்தத்தில் இறக்கும். மேலே கிரேமா என்னும் பொன்னிற நுரை படியும்.
பானையில் 1, 2 பார்தான். டிக்காஷன் கெட்டியாக, கொஞ்சம் கசந்து வரும். கீழே வெந்நீர் ஊற்றி, தூளை அழுத்தாமல் நிரப்பி, சிறு தீயில் வையுங்கள். வழியும் காப்பி வெளுத்து, களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். கசப்பு நன்றாகக் குறையும்.

பால்:
இயந்திரத்தில் நீராவிக் குழாய் உண்டு.
பானைக்காரர்கள் அடுப்பில் 60 டிகிரி வரை சூடாக்கினால் சரி. பாத்திரத்தைத் தொட்ட கை சட்டென்று விலகும் சூடு அது. தயவுசெய்து கொதிக்கவிடாதீர்கள்.

பராமரிப்பு:
பானைக்கு எப்போதாவது ரப்பர் வளையம் மாற்றணும்.
இயந்திரத்துக்கு உப்புப் படிவு நீக்கணும், குழாயைத் தினமும் துடைக்கணும்.

வாடகை அறை, காலையில் ஒரே குவளை என்றால் பானை. வீட்டில் நாலு பேர் குடிப்பார்கள், கிரேமாவும் வேண்டும் என்றால் இயந்திரம். தங்கைக்குப் பானைதான் வாங்கிக் கொடுத்தேன்.