உக்ரைன் லிவிவ்ல இருந்து போலந்து பிஷெமிஷ்ல் பஸ், வீல்சேரோட போனோம்: 3/5

மனைவியோட அக்காவுக்கு இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல, முதல் பிரிவு (ரொம்பக் கடுமையான ஊனம்) சான்றிதழ் இருக்கு. அவங்களையும் சகலையையும் கூட்டிட்டு ஷெஹினி-மெடிகா எல்லைச் சாவடி வழியா போலந்து போனோம். சகலைக்கு 44 வயசு, 2022 பிப்ரவரி 24ல இராணுவச் சட்டம் வந்ததுல இருந்து உக்ரைன்ல 18 முதல் 60 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்க சும்மா வெளிய போக முடியாது (2025 ஆகஸ்ட்ல 22 வயசு வரைக்கும் விட்டாங்க), ஆனா ஊனமுள்ள மனைவிக்குத் துணையா போற கணவருக்கு விலக்கு உண்டு.

புக் பண்றப்பவே என்னென்ன பேப்பர் வேணும்னு பஸ் கம்பெனி பொண்ணு பொறுமையா சொல்லுச்சு, அதுக்கே ரெண்டு ஸ்டார். ஊனச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், சகலையோட இராணுவப் பதிவு ஆவணம், எல்லாம் ஒரிஜினலா இல்லன்னா நோட்டரி போட்ட நகலா இருக்கணும், வெறும் ஜெராக்ஸ நம்பிப் போகாதீங்க. எல்லையில அந்த அதிகாரி கல்யாணச் சான்றிதழ டார்ச் வெளிச்சத்துல பிடிச்சு பாஸ்போர்ட்ல இருக்குற பேரோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாத்தாரு, அக்கா சகலை கைய விடவே இல்ல.

கோபம் ஒண்ணே ஒண்ணுதான். சாய்தளம் இருக்குன்னு சொன்னாங்க, வந்த பஸ்ல இல்ல. டிரைவரும் நாங்களும் சேந்து தூக்கினோம், வீல்சேர் கால்மிதி படியில மாட்டி வளைஞ்சு போச்சு. டிரைவர் நல்ல மனுஷன், சோதனை முடியுற வரைக்கும் ஹீட்டர அணைக்கல. புக் பண்ணும்போது எந்த பஸ் வருதுன்னு போட்டோவே கேட்டு வாங்கிக்கோங்க.